தம்பி பிரஷ் எடுக்கட்டும், மாத்திரை டப்பாவும் பக்கத்துலயே இருக்கட்டும்

குடியாத்தம் பக்கத்துலேந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. தம்பிக்கு 24 வயசு. மாமாகூட போர்டு எழுதற வேலைக்கு போயிட்டிருந்த பையன், போன வருஷம் காதுல குரல் கேக்குது, யாரோ வேவு பாக்கறாங்கன்னு ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரில சேத்து, இப்ப வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆகுது. குரல் நின்னுடுச்சு, ராத்திரி தூங்கறான், ஆனா பகல் பூரா கயித்து கட்டில்ல உக்காந்து சுவத்த பாத்துட்டே இருக்கான், குளிக்க கூட பத்து வாட்டி சொல்லணும். யாரோ ஒருத்தர் "ஆர்ட் தெரபி குடுங்க, மாத்திரையே தேவப்படாது"ன்னு சொல்லிட்டாராம், சென்னைல ஒரு கிளாஸ் பேரும் குடுத்தாராம். கிளாஸுக்கு அனுப்பலாமா, மாத்திரைய குறைக்கலாமா, வீட்லயே ஏதாவது செய்ய முடியுமான்னு முக்கியமா மூணு கேள்வி.

நான் வேலூர்ல 20 வருஷத்துக்கு மேல ஆக்குபேஷனல் தெரபி, அதாவது நோயால நின்னு போன அன்றாட வேலைங்கள மறுபடி செய்ய பழக்கற வேலைல இருக்கேன்மா. டாக்டர் இல்ல, ஓவியரும் இல்ல, ஆனா இந்த மாதிரி தம்பிங்க கையில பிரஷ், களிமண், ஊசி நூல்னு குடுத்து உக்கார வெச்சு பாத்தது நிறைய. நடுவுல இருக்கற கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுல தப்பு பண்ணா மத்ததெல்லாம் வீண்.

மாத்திரைய நீங்களா குறைக்காதீங்க. 2012ல 65 ஆய்வுங்கள ஒண்ணா சேத்து பாத்து எழுதின ஒரு கட்டுரை இருக்கு, உங்க தம்பிக்கு இருக்கற மாதிரி ஸ்கிசோஃப்ரீனியா நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுட்டு வந்தவங்கள்ல ஒரு வருஷத்துக்குள்ள நோய் திரும்பினது 100க்கு 27 பேருக்கு, மாத்திரைய எடுத்துட்டு வெறும் வெத்து மாத்திரை குடுத்தவங்கள்ல 64 பேருக்கு. படம் வரையறது அந்த 64ஐ 27 ஆக்கும்னு சொல்ற ஆய்வு எதுவும் கிடையாது. மாத்திரையால தூக்கம் அதிகமா வருது, உடம்பு போடுது, கை நடுங்குதுன்னா அத டாக்டர்கிட்ட சொல்லுங்க, டோஸ மாத்தலாம், மருந்தையே மாத்தலாம், ராத்திரிக்கு நகத்தலாம், அதெல்லாம் அவங்க வேலை. "மாத்திரை வேணாம்"னு சொன்ன ஆளு, நாளைக்கு ராத்திரி 2 மணிக்கு தம்பி கதவ தாழ்ப்பா போட்டுட்டு கத்தும்போது ஃபோன் எடுப்பாரான்னு ஒரு வாட்டி யோசிச்சு பாருங்க.

சரி, அவன் ஏன் சும்மா உக்காந்திருக்கான்? உங்க அப்பா அத சோம்பேறித்தனம்னு சொல்றாருன்னு எழுதிருந்தீங்க. இல்லம்மா. குரல் கேக்கறது, சந்தேகம் இதெல்லாம் நோயோட ஒரு பக்கம், அதுக்கு மாத்திரை நல்லாவே கேக்கும். இன்னொரு பக்கம் இருக்கு, ஒரு வேலைய ஆரம்பிக்கறதுக்கே உள்ள மோட்டார் ஸ்டார்ட் ஆகாது, முகத்துல சிரிப்பு வராது, பேச்சு ரெண்டு வார்த்தைல நின்னுடும். இதுக்கு மாத்திரை அவ்வளவா கேக்காது, இதுதான் குடும்பத்துக்கு ரொம்ப வேதனை, ஏன்னா வெளிய பாக்கறவங்களுக்கு "நல்லாதான கீறான், இன்னா கேடு"ன்னு தோணும். (இதே மாதிரி சோர்வு மருந்து மயக்கத்தாலயும் வரும், நோய் தணிஞ்சதும் சில பேருக்கு வர்ற மன அழுத்தத்தாலயும் வரும், மூணுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால அடுத்த தடவ போகும்போது "சும்மாவே இருக்கான் சார்"னு மட்டும் சொல்லாம, எப்ப எழுந்துக்கறான், எவ்வளவு நேரம் தூங்கறான், அழறானா, எதுலயாவது ஆசை வருதான்னு எழுதி எடுத்துட்டு போங்க.)

கை வேலை உதவறது இந்த ரெண்டாவது பக்கத்துக்குதான். ஆர்ட் தெரபின்னாலே மனசுல அடைச்சு வெச்சத எல்லாம் பேப்பர்ல கொட்டி அழுது வெளிய வர்றதுன்னு சினிமா மாதிரி ஒரு நெனப்பு இருக்கு, சில பேருக்கு அது நடக்கும், இல்லன்னு சொல்லல. உங்க தம்பிக்கு இப்ப வேணும்ங்கறது அது இல்ல. ஒரு சின்ன வேலைய ஆரம்பிக்கணும், முடிக்கணும், முடிச்சது கண்ணுக்கு தெரியணும், நாளைக்கு அதே நேரத்துக்கு மறுபடி உக்காரணும். அவ்வளவுதான். ஆரம்பிக்கறதும் முடிக்கறதும் அவன்கிட்டேந்து போயிடுச்சு, அது திரும்பி வர்றதுக்கு கலைய விட நல்ல சாக்கு எனக்கு தெரிஞ்சு இல்ல, ஏன்னா அதுல தப்பா போனாலும் யாருக்கும் நஷ்டம் இல்ல.

கலையால எல்லாம் சரியாகும்னு நான் கதை விடல, ஆய்வுங்களோட நெலமையும் சொல்லிடறேன். பிரிட்டன்ல 15 எடத்துல 417 பேர வெச்சு ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, எல்லாருக்கும் உங்க தம்பிக்கு இருக்கற ஸ்கிசோஃப்ரீனியா வகை நோய்தான். ஒரு குரூப்புக்கு வாரம் ஒரு நாள் ஆர்ட் தெரபி, ஒரு குரூப்புக்கு வேற பொழுதுபோக்கு, ஒரு குரூப்புக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2012ல ரிசல்ட் வந்துச்சு, ஆர்ட் தெரபி குரூப்புக்கு நோயோட அறிகுறிலயும் சரி, அன்றாட வேலை செய்யறதுலயும் சரி, பெருசா வித்தியாசம் எதுவும் இல்ல. அத பாத்து இந்த துறைல நிறைய பேருக்கு மூஞ்சி தொங்கி போச்சு. ஆனா அதுலயே இன்னொரு விஷயம் இருக்கு, பேரு குடுத்தவங்க நிறைய பேரு ஒழுங்கா வரவே இல்ல. எனக்கு அது ஆச்சரியமே இல்ல. குளிக்கவே பத்து வாட்டி சொல்ல வேண்டிய ஆள, வாரத்துல ஒரு நாள் பஸ் புடிச்சு வந்து தெரியாத ஏழெட்டு பேர் நடுவுல உக்காந்து உள்ளுக்குள்ள இருக்கறத வரைன்னு சொன்னா எங்க வருவான்? அதே நாட்டுல அரசாங்க வழிகாட்டுதல், இந்த ஒடுங்கி போற அறிகுறிங்களுக்கு கலை சிகிச்சைய யோசிச்சு பாக்கலாம்னு இன்னமும் சொல்லுது. கதவு மூடல, ஆனா மந்திரமும் இல்ல.

இன்னொரு ஆய்வு 2016ல அமெரிக்காவுல வந்தது, வாட்ஸப்ல கூட சுத்துச்சு, 45 நிமிஷம் களிமண்ணு, மார்க்கர், ஒட்டு படம்னு இஷ்டத்துக்கு செய்ய விட்டு, எச்சில்ல கார்டிசால்னு ஒரு ஹார்மோன அளந்தாங்க, பதட்டத்துல ஏர்ற ஹார்மோன். முக்காவாசி பேருக்கு குறைஞ்சுது, முன்னாடி வரைஞ்சு பழக்கம் இருந்தாலும் இல்லாட்டியும். சந்தோஷம்தான். ஆனா மொத்தமே 39 பேரு, எல்லாரும் நோய் இல்லாதவங்க. அத வெச்சுகிட்டு "ஆர்ட் மனநோய குணப்படுத்தும்"னு போஸ்டர் அடிக்கறது நியாயம் இல்ல.

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு பழைய பாடம் இருக்கு, நான் ஸ்டூடண்ட்ஸுக்கு எப்பவும் சொல்றது. பால் பிராண்டுன்னு ஒரு டாக்டர், 1940கள் கடைசில நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரில தொழுநோயால மடங்கி போன கைங்களுக்கு ஆபரேஷன் பண்ணி விரல நிமித்தி காட்டினாரு. கை நிமிந்துடுச்சு, ஆனா ஊருக்கு போனா வேலை குடுக்க ஆள் இல்ல, கை நல்லா ஆயிடுச்சுன்னு பிச்சை போடறவங்களும் கொறச்சுட்டாங்க. விரல சரி பண்ணிட்டா வாழ்க்கை தானா சரியாயிடும்னு இல்லன்னு அப்பதான் தெரிஞ்சுது. 1951ல நவ ஜீவ நிலையம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, அந்த புது கைங்களுக்கு மர வேலை, பொம்மை செய்யறதுன்னு கத்து குடுத்தாங்க. மனநோய்க்கும் அப்படியேதான். மாத்திரைங்கறது ஆபரேஷன் மாதிரி, குரல நிறுத்திடும். நின்ன அப்புறம் காலைல எழுந்து எதுக்கு கைய தூக்கணும்ங்கற கேள்விக்கு மாத்திரைல பதில் இல்ல.

வீட்டு ஆளுங்க விஷயமும் நம்ம ஊருக்கு புதுசு இல்ல, பாகாயத்துல இருக்கற சி.எம்.சி மனநல மையத்துல ஆரம்ப காலத்துலேந்தே நோயாளியோட வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே தங்கணும்ங்கறது வழக்கம். அதனால "வீட்லயே ஏதாவது செய்ய முடியுமா"ங்கற உங்க மூணாவது கேள்விதான் எனக்கு புடிச்ச கேள்வி, அதுக்குதான் நிறைய எழுத போறேன்.

உங்க தம்பி போர்டு எழுதறவன். இது பெரிய வரம்மா. ஃப்ளெக்ஸ் வந்து அந்த தொழில கவுத்துடுச்சுன்னாலும், இந்த வேலைல ஒரு ஒழுங்கு இருக்கு. நூல் அடிச்சு கோடு போடணும், எழுத்து எத்தன, எடம் எவ்வளவுன்னு கணக்கு பண்ணணும், அவுட்லைன் போட்டு உள்ள நிரப்பணும், அப்புறம் ஷேடு. வெள்ளை பேப்பர குடுத்து "மனசுல தோணறத வரை"ன்னு சொன்னா, மனசுல ஒண்ணுமே தோணாத நோய்ல இருக்கற பையன் இன்னும் மிரளுவான், இல்லாட்டி பழைய பயமெல்லாம் அங்க வந்து உக்காந்துக்கும். எழுத்து அப்படி இல்ல. "ப"ன்னா "ப"தான். எங்க ஆரம்பிக்கணும், எங்க முடிக்கணும்னு எழுத்தே சொல்லிடும். நம்ம வீட்டு வாசல்ல புள்ளி வெச்சு கோலம் போடறோமே, அதுலயும் அதான் சூட்சுமம், புள்ளி வழி காட்டும், தப்பா போனா அழிச்சுக்கலாம், எப்படியும் மறுநாள் காலைல தண்ணி தெளிச்சு பெருக்கிடுவோம். யாரும் கோலத்துக்கு மார்க் போடறது இல்ல. (மார்கழி கோலப் போட்டிய விடுங்க, அது தனி அரசியல்.)

அதனால இப்படி ஆரம்பிங்க. ஒரு சிலேட்டு, சாக்பீஸ், ரெண்டு சார்ட் பேப்பர், கேம்லின் போஸ்டர் கலர்ல கருப்பு, செவப்பு ரெண்டே ரெண்டு, ஒரு பட்டை பிரஷ். முத வாரம் வெறும் கோடு, படுக்க கோடு, நிக்கற கோடு. அடுத்தது ட, ப, ய மாதிரி நேர் கோட்டு எழுத்துங்க. அது கைக்கு வந்த அப்புறம்தான் எ, ழ, ஞ, இ மாதிரி சுழி போற எழுத்து. அப்புறம் ஒரு பேரு, ஆயா பேரோ, மாட்டு பேரோ, எதுவா இருந்தாலும். எங்க பாஷைல இதுக்கு கிரேடிங்னு சொல்லுவோம், இன்னிக்கி நிச்சயமா முடிக்க முடியற அளவ விட ஒரு நூல் அதிகமா குடுக்கறது, அதுக்கு மேல குடுக்கவே கூடாது. நேரம் 15 நிமிஷம் போதும். காலைல வேணாம், ராத்திரி மாத்திரையோட மந்தம் 10, 11 மணி வரைக்கும் இருக்கும், சாயந்திரம் 4 மணிக்கு டீ குடிச்ச அப்புறம் வெச்சுக்கோங்க, தெனம் அதே நேரம், அதே எடம். ஒரு நாள் எழுதாம பிரஷ கழுவி வெச்சுட்டு எழுந்துட்டான்னா கூட அது ஒரு வேலை முடிச்ச கணக்குதான்.

இப்ப முக்கியமானது. பக்கத்துல ஒருத்தர் இருக்கணும், ஆனா அவன பாக்க கூடாது. உங்க ஆயா பீடி சுத்துவாங்கன்னு எழுதிருந்தீங்களே, அவங்கதான் சரியான ஆள். அவங்க முறத்த மடியில வெச்சுகிட்டு இலைய வெட்டி சுத்திகிட்டு இருக்கட்டும், இவன் அவன் வேலைய செய்யட்டும். பேச்சு வந்தா வரட்டும், வராட்டி ரேடியோ ஓடட்டும். ரெண்டு பேர் அவங்கவங்க வேலைய ஒரே தாழ்வாரத்துல உக்காந்து செய்யறதுல ஒரு நிம்மதி இருக்கு பாருங்க, அத எந்த தெரபிஸ்டும் அரை மணி நேர அப்பாயின்மெண்ட்ல குடுக்க முடியாது. நீங்க எல்லாரும் சுத்தி நின்னுகிட்டு "சூப்பர்டா தம்பி, கலக்கற"ன்னு கை தட்டினீங்கன்னா மூணாவது நாள் பிரஷ தொட மாட்டான், எனக்கு பாத்து பாத்து அலுத்து போச்சு. பாராட்டணும்னா என்ன நடந்துச்சோ அத சொல்லுங்க, "இன்னிக்கி ழ-வோட சுழி பிசிறு இல்லாம வந்துருக்கு", அவ்வளவுதான். அப்பாகிட்ட தனியா சொல்லிடுங்க, "இத வெச்சு இன்னா சோறு திங்கறது"ங்கற பேச்சு இந்த ஆறு மாசத்துக்கு வேணவே வேணாம். வீட்ல குத்தி பேசறதும், அதே மாதிரி எதையும் செய்ய விடாம ரொம்ப பொத்தி வெச்சுக்கறதும், ரெண்டுமே நோய் திரும்ப வர்ற வாய்ப்ப கூட்டுதுன்னு பல நாட்டுல பாத்துருக்காங்க.

பெயிண்ட் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. மாமா கடையில இருக்கற எனாமல், தின்னர், டர்பன்டைன் எதுவும் இப்போதைக்கு வீட்டுக்கு வர வேணாம். வான்கோன்னு ஒரு ஓவியர் பேர கேள்வி பட்டிருப்பீங்க, காத அறுத்துகிட்டவர்னு எல்லாருக்கும் தெரியும், 1889ல பிரான்ஸ்ல ஒரு மனநல விடுதில போய் சேந்தாரு, நோய் முத்தின நேரத்துல பெயிண்டையும் டர்பன்டைனையும் வாயில போட்டுகிட்டாரு, அதனால கொஞ்ச நாள் கலர் எதுவும் கைக்கு குடுக்காம வெச்சிருந்தாங்க. அவர பத்தி இன்னொண்ணும் சொல்லணும், பைத்தியம்தான் அவர வரைய வெச்சுதுன்னு நிறைய பேர் நெனச்சுகிட்டு இருக்காங்க, நேர் எதிர். நோய் தாக்கின நாள்ல அவரால வேலை செய்யவே முடியல, அந்த புகழ்பெற்ற படமெல்லாம் நடுவுல தெளிவா இருந்த நாளுங்கள்ல வரைஞ்சது. "மாத்திரை சாப்பிட்டா கலை போயிடும்"னு யாராவது தம்பி காதுல ஓதினாங்கன்னா இத சொல்லுங்க. ஜப்பான்ல யாயோய் குசாமான்னு ஒரு அம்மா, உலகம் முழுக்க பேர் வாங்கின ஓவியர், 1977லேந்து தானா விரும்பி மனநல ஆஸ்பத்திரிலயே தங்கிகிட்டு பக்கத்துல ஸ்டூடியோ வெச்சு வேலை செஞ்சவங்க. அவங்க வரையறது என்னன்னு நெனக்கறீங்க, புள்ளி, புள்ளி, புள்ளி. நம்ம ஆயாங்க பாத்தா "இதுக்கு போய் இவ்ளோ காசா"ன்னு கேப்பாங்க.

கை நடுக்கம் இருக்குன்னு சொன்னீங்க. சில மருந்துக்கு நடுக்கம், விரைப்பு வரும், எழுத்து போக போக சின்னதா ஆயிட்டே போகும். அதனால எழுதின ஒவ்வொரு ஷீட்டுக்கும் பின்னாடி தேதி போட்டு ஒரு ஃபைல்ல வெச்சுட்டு வாங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜூன்ல எழுதின "ப"வும் ஆகஸ்ட்ல எழுதின "ப"வும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நடுக்கம் கூடுதா குறையுதான்னு அவங்களுக்கு ஒரு நிமிஷத்துல புரியும், நீங்க வாயால சொல்றத விட தெளிவா. நடுக்கம் ரொம்ப இருக்கற நாள்ல பிரஷ் அவன அவமானப்படுத்தும், போர்டு எழுதினவனுக்கு கோடு கோணலா போறது எவ்வளவு வலிக்கும்னு யோசிங்க. அன்னிக்கி களிமண்ணு குடுங்க. அழுத்தி பிசையறதுக்கு நுணுக்கமான விரல் தேவை இல்ல, தோள்பட்டையே வேலை செய்யும். நம்ம கரிகிரி பக்கம் நீலம் பச்சைன்னு பளபளப்பு பூசி மண் சாமான் செய்வாங்களே, அந்த அளவுக்கெல்லாம் போக வேணாம், குயவர் வீட்லேந்து ஒரு பக்கெட் மண்ணு வாங்கி அகல் விளக்கு புடிக்க சொல்லுங்க. விளக்கு கோணலா இருந்தாலும் விளக்குதான்.

மாமா எலக்‌ஷன் வந்தா சுவர் எழுத கூப்பிட்டு போறேன்னு சொல்றாரே, நல்ல மனசுதான், ஆனா இப்ப வேணாம்னு கண்டிப்பா சொல்லுங்க. சாரத்துல ஏறி நிக்கணும், மயக்கம் வர்ற மருந்து, அதுல நம்ம வேலூர் வெயில் வேற, மே மாசம் 40 டிகிரி தாண்டற ஊரு. இந்த மருந்துங்கள்ல சிலது உடம்பு சூட்ட தணிக்கற சக்திய குறைக்கும். லித்தியம்ங்கற மருந்து சாப்பிடறவங்களுக்கு இன்னும் ஆபத்து, வேர்த்து தண்ணி வத்தினா ரத்தத்துல மருந்து அளவு ஏறி விஷமாவே மாறிடும். (உங்க தம்பிக்கு லித்தியம் எழுதிருக்காங்களான்னு நீங்க சொல்லல, இத படிக்கற வேற யாருக்காவது உதவும்னு எழுதறேன்.) காசுக்கு ஆர்டர் எடுக்கறதும் அப்படித்தான், கெடு வெச்சு ஒரு கடைக்காரர் ஃபோன் பண்ண ஆரம்பிச்ச நிமிஷம் அது வேற வேலை ஆயிடுது. வரும் அந்த காலம். முதல்ல தெரு பால்காரர் பைக்ல பேர் எழுதறது, டீக்கடை கரும்பலகைல ரேட்டு எழுதறதுன்னு அவசரம் இல்லாத, தரையில நின்னு செய்யற வேலைங்க.

படத்துக்கு அர்த்தம் தேடாதீங்க, இத கெஞ்சி கேக்கறேன். கருப்பு கலர் எடுத்தா சோகம், செவப்பு எடுத்தா கோவம்னு யூடியூப்ல வகுப்பே எடுக்கறாங்க. போர்டு எழுதறவன் கருப்பும் செவப்பும் எடுக்கறது வெள்ளை சுவத்துல அதுதான் எடுப்பா தெரியும்ங்கறதுக்காக. நான் வேலைக்கு சேந்த புதுசுல ஒரு பையன் ஒரு வாரம் வெறும் கண்ணா வரைஞ்சான், நான் பெரிய ஆள் மாதிரி ரிப்போர்ட்ல சந்தேக நோய் கூடுதுன்னு எழுதிட்டேன், சீனியர் கூப்பிட்டு அவன்கிட்டயே கேக்க சொன்னாங்க. "கண்ணு கடைக்கு ஒரு போர்டு கேட்டிருக்காங்க மேடம், பழகறேன்"னு சொன்னான். அன்னிலேந்து கேட்டுட்டுதான் எழுதறது.

அதுக்கும் மேல நான் பண்ண ஒரு தப்பு இருக்கு. வேலை செஞ்ச ஒரு எடத்துல, எல்லாரும் வரைஞ்சத வெச்சு கண்காட்சி போட்டோம், விசிட்டர்ஸ் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, எல்லாருக்கும் சந்தோஷம். ஒருத்தர்கிட்ட மட்டும் நான் சரியா கேக்கல, "போடலாம்ல?"ன்னு அவசரத்துல கேட்டேன், அவரும் தலைய ஆட்டினாரு. அவரு சம்பந்தி வீட்டு ஆள் ஒருத்தர் அங்க வந்து படத்துக்கு கீழ இருந்த பேர பாத்துட்டாரு. அப்புறம் அவரு வரையவே வரல, சிகிச்சைக்கு வர்றதும் ரெண்டு மாசம் நின்னு போச்சு. 2017 மனநல பராமரிப்பு சட்டத்துல, சிகிச்சைல இருக்கறவங்களோட போட்டோவோ விவரமோ அவங்க சம்மதம் இல்லாம மீடியாவுல விட கூடாதுன்னே இருக்கு, ஆனா சட்டத்துக்கு முன்னாடி எனக்கு புத்தி இருந்திருக்கணும். ஸ்டேட்டஸ்ல போடாதீங்க தங்கச்சி, எவ்வளவு அழகா இருந்தாலும்.

அர்த்தம் தேடாதீங்கன்னா கண்ண மூடிக்கோங்கன்னு இல்ல. சில மாற்றத்த கவனிக்கணும். 15 நிமிஷம் எழுதினவன் திடீர்னு ராத்திரி பூரா தூங்காம எழுதிகிட்டே இருந்தா, சுவரெல்லாம் எழுதினா, அது திறமை பொங்குதுன்னு பூரிச்சு போக வேண்டிய நேரம் இல்ல, மறுநாள் காலைல டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரம். எழுதினத யாரோ திருடறாங்கன்னு ஒளிச்சு வெச்சாலும், சாவு, தூக்குன்னு எழுதினாலும் அப்படியே. அந்த மாதிரி பாத்தா சுத்தி வளைக்காம நேராவே கேளுங்க, "சாகணும்னு தோணுதாடா?"ன்னு. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது, பாரம் கொஞ்சம் எறங்கும். அவன தனியா விடாதீங்க. 14416க்கு ஃபோன் பண்ணா டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

கூத்து பத்தி ஒரு வார்த்தை. உங்க ஊர்ல திரௌபதி அம்மன் கோயில் பாரத கூத்துல தம்பி சின்ன வயசுல கட்டியக்காரன் பின்னாடி சுத்துவான், மேளக்காரங்ககூட உக்காருவான்னு எழுதிருந்தீங்க, படிச்சதும் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு. ஊரோட கூடி செய்யற கலைக்கு வீட்ல தனியா உக்காந்து வரையறதுல கிடைக்காத ஒண்ணு கிடைக்கும், அங்க அவன் நோயாளி இல்ல, ஜால்ரா போடற பையன். ஆனா கூத்து விடிய விடிய நடக்கும், தூக்கம் கெடறது இந்த நோய்ங்களுக்கு எதிரி, இருமுனை நோய் (அளவு மீறின உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வர்ற நோய்) இருக்கறவங்களுக்கு ஒரு ராத்திரி முழிப்பே போதும் கிளப்பி விட. அதனால ஒத்திகைக்கு சாயந்திரம் போகட்டும், வேஷம் கட்டற எடத்துல அரிதாரம் கரைச்சு குடுக்கட்டும், கிரீடத்துல ஜிகினா ஒட்டட்டும், 10 மணிக்கு மாத்திரை போட்டுட்டு வீட்ல படுக்கட்டும். வாத்தியார்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சா புரிஞ்சுப்பாங்க, இந்த ஆளுங்க ஊர்ல எல்லா மாதிரி மனுஷங்களையும் பாத்தவங்க.

சென்னை கிளாஸ் விஷயம். இப்ப வேணாம்னுதான் சொல்லுவேன். குடியாத்தத்துலேந்து ரயில்ல போய் வர்றதுக்கே நாள் முடிஞ்சுடும், ஃபீஸ் வேற, நாலாவது வாரம் நின்னுட்டான்னா "இதையும் கெடுத்துகிட்டேன்"னு இன்னொரு தோல்வி சேரும். ஆறு மாசம் கழிச்சு அவனா ஆசைப்பட்டா, ஓவியம் கத்துக்கறதுக்காக ஒரு சாதாரண கிளாஸுக்கு அனுப்புங்க, நோய்க்காக இல்ல. ஆர்ட் தெரபிஸ்ட்னு போர்டு போட்டவர்கிட்டதான் போகணும்னா ரெண்டே கேள்வி கேளுங்க, எங்க என்ன படிச்சீங்க, நாங்க பாக்கற டாக்டர்கிட்ட பேசுவீங்களா. ரெண்டாவது கேள்விக்கு முகம் சுளிச்சா திரும்பி வந்துடுங்க. அதுக்கு பதில் பக்கத்துலயே கேளுங்க, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரில மனநல பிரிவு இருக்கு, மாவட்ட மனநல திட்டத்துல டாக்டர் உங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்த கிழமை வர்றாங்கன்னு விசாரிங்க, இப்ப பாக்கற எடத்துலயே ஆக்குபேஷனல் தெரபி இருக்கான்னு கேளுங்க, நிறைய பேருக்கு கேட்டா கிடைக்கும்னே தெரியறது இல்ல.

எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டிருந்தீங்க. முத மாசம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதுக்கு அப்புறம் ஒரு நாள் நீங்க சொல்லாமயே 4 மணிக்கு சிலேட்ட எடுத்துட்டு வந்து ஆயா பக்கத்துல உக்காருவான், இல்ல பிரஷ் முடி கொட்டுது, வேற வாங்கிட்டு வான்னு உங்ககிட்ட எரிஞ்சு விழுவான். அந்த எரிச்சல கொண்டாடுங்க, அவனுக்கு ஒண்ணு வேணும்னு தோணிருக்கு. நடுவுல ரெண்டு வாரம் திரும்ப கட்டில்லயே கெடப்பான், அதுவும் வரும், சிலேட்ட அதே எடத்துலயே வெச்சிருங்க.

கடைசியா கேட்டிருந்தீங்க, அவன் முன்னாடி எழுதின ஒரு போர்ட எடுத்து ஃப்ரேம் போட்டு கூடத்துல மாட்டலாமா, உற்சாகமா இருக்குமான்னு. அவன்கிட்டயே கேளுங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி எழுதினது, அத தெனம் பாக்கறது சில பேருக்கு தெம்பு, சில பேருக்கு இப்ப கை அப்படி வரலயேங்கற வலி. வேணாம்னு சொன்னான்னா துணி சுத்தி பரண் மேல வெச்சுடுங்க, ஏன்னு கேக்காதீங்க.